உள்ளே போன செல்

எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடக்கும் அறைக்குள் நுழைந்தால் சில நேரங்களில் பூண்டு வாடை அடிக்கும். அங்கே யாரும் சமைப்பதில்லை. உறைய வைக்கும்போது பனித்துகள்கள், புதிய செல்களைப் பிறப்பிக்கும் ஸ்டெம் செல்களைக் கிழித்துவிடாமல் இருக்க டிஎம்எஸ்ஓ என்ற திரவத்தைச் சேர்த்து, திரவ நைட்ரஜனில் வைத்திருப்பார்கள். வெதுவெதுப்பான நீரில் உருக்கி நோயாளியின் ரத்தக் குழாயில் ஏற்றிய சிறிது நேரத்தில் அந்தத் திரவம் உடலுக்குள் சிதைந்து மூச்சு வழியாக வெளியேறுகிறது. அறை முழுவதும் மணப்பது அதுதான். மற்றபடி, பார்ப்பவருக்கு ரத்தம் ஏற்றுவது போலத்தான் தோன்றும். ஒரு சிறிய பை, ஒரு குழாய், அவ்வளவுதான். கத்தியும் இல்லை, தையலும் இல்லை.

ரத்தக் குழாயில் விட்ட செல், இடுப்பெலும்புக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது? எலும்புக்குள் இருக்கும் செல்கள் சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தை ஓயாமல் சுரக்கின்றன. ரத்த ஸ்டெம் செல்லின் மேற்பரப்பில் அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி இருக்கிறது. ரத்த ஓட்டத்தோடு சுற்றிவரும் செல், எலும்பு அருகே வரும்போது அந்தச் சமிக்ஞையைப் பிடித்துக்கொண்டு குழாய்ச் சுவரைக் கடந்து உள்ளே இறங்கிவிடுகிறது. முன்பே கடுமையான மருந்துகள் கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்திருப்பார்கள். இரண்டு மூன்று வாரங்களில் புதிய வெள்ளணுக்கள் ரத்தத்தில் தலைகாட்டத் தொடங்கும்.

அந்தச் செல்லுக்குத் தன் வீடு தெரியும், வீட்டில் என்ன வேலை என்பதும் தெரியும். ஸ்டெம் செல் பற்றிய சட்டங்கள், விவாதங்கள், நீதிமன்ற வழக்குகள் எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி போதும் என்று நினைக்கிறேன்.

இதுவும் ஒரே நாளில் கைகூடிய சிகிச்சை இல்லை. 1957இல் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் ஆறு நோயாளிகளுக்கு மஜ்ஜை ஏற்றியதை அறிவித்தார். அவர்களில் ஒருவர்கூட நூறு நாளைத் தாண்டவில்லை. ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல் என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதை 1961இல் கனடாவின் டொரன்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னஸ்ட் மெக்கல்லாக்கும் எலிகளை வைத்துக் காட்டினார்கள். தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1990இல். இந்தியாவில் 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும் 1986இல் வேலூர் சிஎம்சியிலும் இந்தச் சிகிச்சை தொடங்கியது. இன்று தலசீமியாவுக்கும் சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் இது நிலைபெற்ற மருத்துவம்.

இப்போது அதே 'ஸ்டெம் செல்' என்ற பெயரில் நடந்த இன்னொன்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒரு கிளினிக்குக்கு மூன்று பெண்கள் போனார்கள். வயது 72இலிருந்து 88க்குள். மூவருக்கும் முதுமையில் வரும் விழித்திரைச் சிதைவு. ஆளுக்கு 5,000 டாலர் கட்டினார்கள். அவர்களுடைய வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, நொதியில் ஊறவைத்துப் பிரித்து, கிடைத்த செல்களை அவர்களுடைய ரத்தத்திலிருந்து எடுத்த பிளாஸ்மாவில் கலந்து, கண்ணுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. இரண்டு கண்களிலும் ஒரே நாளில். புதிதாக எதையும் செய்து பார்க்கும் கண் மருத்துவர் முதலில் ஒரு கண்ணில் செய்து, அது எப்படித் தேறுகிறது என்று காத்திருப்பார். அந்த அடிப்படை எச்சரிக்கைகூட அங்கே இல்லை.

கொழுப்பில் இருக்கும் செல்லுக்குக் கண் அந்நிய ஊர். விழித்திரையைப் புதுப்பிக்க அதற்குத் தெரியாது. காயத்தை மூடித் தழும்பாக இறுகும் திசுவாக மாறத்தான் தெரியும். தழும்பு சுருங்கினால் அது ஒட்டியிருக்கும் இடத்தை இழுக்கும். தோலில் அது ஒரு கோடாக நின்றுவிடும். கண்ணுக்குள் அப்படி இழுத்தால் விழித்திரையே பிய்ந்து வந்துவிடும். இந்தப் பெண்களுக்கு நடந்தது இப்படித்தான் இருக்க வேண்டும் என்று பின்னர் சிகிச்சை அளித்த மருத்துவர்கள் கருதினார்கள். சில நாட்களிலேயே விழித்திரை விலகலும் ரத்தக் கசிவும் வந்து, மூவருமே கிட்டத்தட்ட முழுப் பார்வையையும் இழந்தார்கள். 2017இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் இது வெளிவந்தது. அந்தக் கட்டுரையில் என்னை உலுக்கியது வேறு ஒரு விவரம்: அந்தக் கிளினிக் தன் பெயரில் ஓர் ஆய்வை அமெரிக்க அரசின் ஆய்வுப் பதிவேட்டில் பதிந்து வைத்திருந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தாலே அது நல்ல ஆய்வு என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள்.

அமெரிக்கச் சட்டம் செல்களைப் பார்க்கும் விதம் நான் மேலே சொன்ன 'வீடு' என்ற எண்ணத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. எடுத்த செல்லை அதிகம் மாற்றாமல், அது உடலில் வழக்கமாகச் செய்யும் அதே வேலைக்குப் பயன்படுத்தினால் கட்டுப்பாடு குறைவு. நொதி சேர்த்துப் பிரித்தாலோ, அதற்குப் பழக்கமில்லாத வேலைக்கு அனுப்பினாலோ அது மருந்து. மருந்து என்றால் பரிசோதனை வேண்டும், அனுமதி வேண்டும். கிளினிக்குகள் இதை ஏற்கவில்லை. "நோயாளியின் சொந்தக் கொழுப்புத்தானே, அது எப்படி மருந்தாகும்?" என்று வாதிட்டன. புளோரிடாவில் 2019 ஜூனில் ஒரு நிறுவனத்துக்கு நீதிமன்றம் தடை விதித்தது. கலிபோர்னியாவில் 2022இல் ஒரு நீதிபதி கிளினிக்கின் பக்கம் தீர்ப்பளித்தார். 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அது மருந்துதான் என்றது.

இந்தியாவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2007இல் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் 'ஸ்டெம் செல் ஆராய்ச்சி மற்றும் சிகிச்சை' என்று இருந்தது. 2013இல் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். ரத்தநோய்களுக்கான மஜ்ஜை மாற்று போன்ற நிலைபெற்ற முறைகளைத் தவிர எதுவும் இன்னும் சிகிச்சை ஆகவில்லை, எல்லாம் ஆராய்ச்சிதான் என்பது அதன் பொருள். அங்கீகரிக்கப்பட்ட பரிசோதனைக்கு வெளியே நோயாளிக்கு ஸ்டெம் செல் கொடுப்பது நெறிதவறிய செயல் என்றும் எழுதினார்கள். பெருமளவு மாற்றப்பட்ட செல்களை 2019இன் புதிய மருந்து விதிகள் மருந்து என்றே வகைப்படுத்துகின்றன. ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கக் கூடாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022இல் தெளிவாகவே சொன்னது.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்திவிடலாம். பெரும்பாலும் ஓரிரு நாளில் சிறுநீரகமும் கல்லீரலும் அதை வெளியேற்றிவிடும். செல்லை அப்படி வெளியேற்ற முடியாது. அது உயிரோடு இருக்கிறது, நகர்கிறது, பெருகுகிறது. அரிய மரபணு நோய் கொண்ட ஓர் இஸ்ரேல் சிறுவனை அவனுடைய பெற்றோர் மாஸ்கோவுக்கு அழைத்துச் சென்று, கருவிலிருந்து எடுத்த நரம்பு ஸ்டெம் செல்களை மூளையிலும் தண்டுவட நீரிலும் மூன்று முறை செலுத்தினார்கள். சில ஆண்டுகள் கழித்து மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டிகள் தெரிந்தன. தண்டுவடக் கட்டியை அறுத்தெடுத்துப் பார்த்தபோது அதில் பெண் செல்கள் இருந்தன. அவனோ ஆண் பிள்ளை. அந்நியரின் செல்கள் அவனுக்குள் குடியேறி வளர்ந்திருந்தன. 2009இல் இது வெளியானது.

மனிதக் கருவிலிருந்து செல் எடுக்கலாமா என்ற வாதமும் பெரியதுதான். கருவை ஆய்வகத்தில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது என்று பிரிட்டனில் வார்னாக் குழு 1984இல் வகுத்த வரம்பை இந்தியாவும் பின்பற்றுகிறது. 2006இல் ஜப்பானின் ஷின்யா யமனாக்கா முதிர்ந்த செல்லையே நான்கு மரபணுக்களால் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிக் காட்டிய பிறகு அந்த வாதத்தின் சூடு தணிந்தது. ஆனால் அந்த நான்கில் ஒன்று புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு. 2014இல் கோபே நகரில் மசாயோ தகஹாஷியின் குழு, அப்படித் திருப்பிய செல்லிலிருந்து விழித்திரைத் திசுவை வளர்த்து ஒரு மூதாட்டியின் ஒரு கண்ணில் வைத்தது. இரண்டாவது நோயாளிக்கும் செல்கள் தயாராயின. அவற்றில் மரபணு மாற்றங்கள் தெரிந்ததும், ஆய்வையே நிறுத்தினார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது தானே கையை எடுத்துக்கொள்வதற்குப் பெரிய மனம் வேண்டும். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த நிகழ்வு அதுதான்.

வேலூரிலும் அப்படி ஒரு பொறுமையைப் பார்க்க முடிகிறது. ரத்தம் சரியாக உறையாத நோயான ஹீமோபிலியா ஏ கடுமையாக உள்ளவர்களின் ரத்த ஸ்டெம் செல்களை எடுத்து, உறைதல் காரணி எட்டுக்கான மரபணுவைப் பாதுகாப்பாக்கிய வைரஸ் மூலம் சேர்த்து, அவர்களுக்கே திருப்பி ஏற்றினார்கள். 2024 டிசம்பரில் முடிவு வெளியானது. பங்கேற்றவர்கள் ஐந்தே பேர். அவர்களுக்கு ரத்தக்கசிவு நின்றிருக்கிறது. ஆனாலும் அந்த மருத்துவர்கள் அதை முதல் கட்டப் பரிசோதனை என்றே சொல்கிறார்கள்.

சென்ற ஆண்டு தூரத்து உறவில் தங்கை முறையான ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். மகனுக்கு ஏழு வயது, பெருமூளை வாதம். "ஐந்து ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடுவான் என்கிறார்கள், அண்ணா. நகையை அடகு வைத்துவிடலாமா?" என்றாள். அவர்கள் கொடுத்த பளபளப்பான கையேட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நிற்கும் குழந்தைகள், சிரிக்கும் தாய்மார்கள். எத்தனை பேருக்குச் செய்தார்கள், எத்தனை பேருக்குப் பலனில்லை என்று ஒரு வரிகூட இல்லை. இப்படிப்பட்ட கிளினிக்குகள் ரத்தக் குழாயில் ஏற்றும் செல்களில் பெரும்பகுதி நுரையீரலின் நுண்குழாய்களிலேயே சிக்கிக்கொள்கிறது, மூளை வரை போவதில்லை என்பதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டு கேள்விகள் கேட்டுவரச் சொன்னேன். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதன் எண் என்ன? பரிசோதனை என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்? பரிசோதனைக்குரிய செல்லுக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது, அதனால் பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடும் தர வேண்டும் என்பது விதி. இரண்டாவது கேள்விதான் முக்கியம் என்றேன், ஏனென்றால் பதிவு எண்ணை மட்டும் நம்பிப் போனவர்களின் கதை எனக்குத் தெரியும்.

மாலையில் திரும்ப அழைத்தாள். "எண் எல்லாம் ஆராய்ச்சிக்குத்தானாம் அண்ணா, இது சிகிச்சையாம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படியானால் யாருக்குமே சோதித்துப் பார்க்கவில்லையா?" என்று கேட்டாள்.

நகை அடகுக் கடைக்குப் போகவில்லை. பையன் வாரம் மூன்று நாள் இயன்முறைச் சிகிச்சைக்குப் போகிறான். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டு எண்ணும் வரை நிற்கிறான்.