ஆண்ட்ரோஜன்

மாதவிடாய் ஒழுங்கில்லை என்று போகும் பெண்ணுக்கு டொக்டர் இரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுப்பார். வெள்ளவத்தையில் ஏதாவதொரு ஆய்வுகூடத்தில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கினால் ‘டெஸ்டோஸ்டிரோன்’ என்று ஒரு வரி. “இது ஆம்பிளையளுக்கு உள்ளதல்லோ?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பெண்ணின் சூலகமும் சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அதிரீனற் சுரப்பியும்கூட இதைக் கொஞ்சம் சுரக்கத்தான் செய்கின்றன.

டெஸ்டோஸ்டிரோன் சேர்ந்த குடும்பத்தின் பெயர் ஆண்ட்ரோஜன். கிரேக்கத்தில் ‘ஆண்ட்ரோஸ்’ என்றால் ஆணுடைய; ‘ஜென்’ என்றால் உண்டாக்குவது. நம் ‘ஆண்’ போலவே ஒலிப்பது தற்செயல், உறவு கொண்டாட வேண்டாம். ‘ஜீன்’ என்ற சொல்லுக்கும் வேர் அதே ‘ஜென்’தான். ஆனால் ஆண்ட்ரோஜன் ஜீன் அல்ல; கொலஸ்ட்ரோலிலிருந்து உடல் செய்துகொள்ளும் ஓமோன். 1931இல் ஜெர்மனியின் அடோல்ஃப் பூட்டெனன்ட், ஆண்களின் சிறுநீரை ஆயிரக்கணக்கான லீற்றர் சேர்த்து வடித்து, இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஆண்ட்ரோஸ்டிரோனைச் சில மில்லிகிராம் பிரித்தெடுத்தார்.

தமிழில் ‘ஆண்மையூக்கி’ என்று எழுதலாம்தான். ஆனால் ‘ஆண்மை’ என்றதும் பேப்பரில் வரும் லேகிய விளம்பரம்தான் ஞாபகம் வரும். அதனால் எனக்குப் பிடித்தது ‘ஆணியல்பூக்கி’. தமிழ்நாட்டார் இயக்குநீர், மரபணு என்பதை நாங்கள் பாடநூலில் ஓமோன், பரம்பரையலகு என்று படித்தோம், இரண்டும் சரி.

சரி, இது கலத்துக்குள் என்ன செய்கிறது? கொழுப்பில் கரைவதால் கலமென்சவ்வைத் தாண்டி உள்ளே போய், அங்கே காத்திருக்கும் வாங்கிப் புரதத்துடன் சேர்கிறது. இரண்டும் கலத்தின் கருவுக்குள் புகுந்து, டி.என்.ஏ.யில் தமக்கென உள்ள குறுகிய தொடர்களில் ஒட்டிக்கொள்ளும். அருகிலுள்ள பரம்பரையலகு கூடுதலாகவோ குறைவாகவோ வாசிக்கப்படும். டி.என்.ஏ.யின் எழுத்து ஒன்றுகூட மாறுவதில்லை. எந்தப் பரம்பரையலகு வாசிக்கப்படும் என்பது கலத்தைப் பொறுத்தது: தாடையில் மயிரைத் தடிப்பாக்கும் அதே ஓமோன்தான், வழுக்கைக்கு வாய்ப்புள்ளவரின் உச்சந்தலையில் அதை மெலிய வைக்கிறது.

அந்த வாங்கிக்கான பரம்பரையலகு இருப்பது எக்ஸ் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்). அது முற்றாகப் பழுதாகிப் பிறந்தவருக்கு எக்ஸ்-வை நிறமூர்த்தங்களும் விதைகளும் டெஸ்டோஸ்டிரோனும் இருந்தாலும், வெளித்தோற்றம் பெண்ணாகவே வளரும்.