விறகடுப்புக்குக் கட்டிய சமையலறையில் கேஸ் அடுப்பு

இரண்டு காலும் வெந்திருந்தன. கணுக்காலிலிருந்து முழங்கால் வரை. முகத்தில் ஒன்றுமில்லை, தலைமுடியில் ஓர் இழைகூடக் கருகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போன என்னிடம் அந்தப் பெரியம்மா முதலில் கேட்டதே இதைத்தான்: "ஏன் தம்பி, கேஸ் பிடிச்சா மூஞ்சியிலதானே அடிக்கும்? எனக்கு மட்டும் ஏன் கால்ல பிடிச்சுது?"

கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக்காக எனக்கு இது இருபதாவது வருடம். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இந்த வருடத்தில் மட்டும் இதே மாதிரி நான் பார்க்கப் போன நான்காவது வீடு இது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், பழைய ஓட்டு வீடு. மகனுக்கு வெளியூரில் வேலை. அம்மா இத்தனை வருடம் புகையில் வெந்தது போதும் என்று அடுப்பங்கரையில் இருந்த மண் அடுப்பு, கொடியடுப்பு எல்லாவற்றையும் இடித்துவிட்டு, அதே இடத்தில் கடப்பா கல் மேடை போட்டார். மேடைக்கு அடியில் கதவு வைத்து, உள்ளே சிலிண்டரை வைத்து மூடினார். நல்ல மனசு, வேலையும் சுத்தம். சுவருக்கு டைல்ஸ்கூட ஒட்டியிருந்தார்கள். மற்றதெல்லாம் பழையபடியே இருந்தது. கூரையோரம் புகைபோக்கி, அதில் புதிதாக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். பரண் நிறைய விறகு. கொல்லைத் தாழ்வாரத்தில் வெந்நீர் அடுப்பு. சமையலறையிலிருந்து அந்தத் தாழ்வாரத்துக்கு இரண்டு படி இறக்கம். அந்த இரண்டு படியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் கேஸ் வாடை அடித்திருக்கிறது. பெரியம்மா அடுப்புக் குமிழைத் திருகிப் பார்த்தார், மூடித்தான் இருந்தது. சன்னலைத் திறந்தார். ஃபேனைப் போட்டார். சற்று நேரத்தில் வாடை குறைந்த மாதிரி இருந்தது. சரி, போய்விட்டது என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அரிசி களைய நின்றார். தாழ்வாரத்து வெந்நீர் அடுப்பில் மதியம் மூட்டிய தணல் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. கேஸ் தரையோடு தரையாக நகர்ந்து, இரண்டு படி இறங்கி, தணலைத் தொட்டது. தீ வந்த வழியே திரும்பி ஓடி வந்தது. "தரையில தண்ணி ஓடுற மாதிரி நெருப்பு ஓடியாந்துச்சு தம்பி" என்றார். அதைவிடச் சரியாக என்னால் சொல்ல முடியாது.

கேஸ் மேலே போகாது. இதை ஒருமுறை சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். அடுத்த நிமிடமே "அதான் மேல புகைபோக்கி இருக்கே, போயிடாதா?" என்று கேட்கிறார்கள். போகாது. சிலிண்டரில் இருக்கும் எல்பிஜி காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு கனம். புகை மேலே போவதற்குக் காரணம் அது சூடாக இருப்பது. கசியும் கேஸ் சூடாக இல்லை, எரியவும் இல்லை. அது எதற்கு மேலே ஏற வேண்டும்? ஐஸ்கிரீம் வண்டிக்காரர் பெட்டியைத் திறக்கும்போது பார்த்திருப்பீர்கள். வெள்ளையாக ஓர் ஆவி விளிம்பைத் தாண்டி வழிந்து கீழே இறங்கும். அது குளிர்ந்து கனத்துப்போன காற்று. கேஸும் அப்படித்தான் இறங்கும், என்ன, கண்ணுக்குத் தெரியாது. வாடை வருவதுகூட நாம் கண்டுபிடிப்பதற்காகச் சேர்க்கிற மெர்காப்டன் என்கிற சரக்கினால்தான். அந்த வாடையும் கேஸோடுதான் கிடக்கும். நின்றுகொண்டு மோந்து பார்த்துவிட்டு "இப்ப வாடை இல்ல" என்று சொல்லாதீர்கள். புகார் வந்த வீட்டுக்குப் போனால் நாங்கள் முதலில் குந்தி உட்காருவோம். ஏதோ மூட்டுவலி என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டவர்கள் உண்டு. தரையோரம் மோந்து பார்க்கத்தான் உட்காருகிறோம்.

பழைய அடுப்பங்கரைகளைக் கட்டியவர்கள் முட்டாள்கள் இல்லை. புகைக்காகக் கட்டினார்கள், புகைக்கு வழி மேலே. அதனால் திறப்பெல்லாம் மேலேயே இருக்கும்: புகைபோக்கி, உயரத்தில் சின்ன சன்னல், ஓட்டுக்கு நடுவே இடைவெளி. கீழே எல்லாம் அடைப்பு, எலியும் பூச்சியும் வராமல் இருக்க. நிலைப்படிகூட உயரமாக வைத்திருப்பார்கள். கேஸ் வந்த பிறகு இதெல்லாம் தலைகீழ். மேலே எத்தனை ஓட்டை இருந்தாலும், கீழே அடைபட்ட அறை கேஸுக்குத் தொட்டி மாதிரி. அதற்குள் மேடை கட்டிக் கதவு வைத்து சிலிண்டரைப் பூட்டி வைத்தால், தொட்டிக்குள் இன்னொரு தொட்டி.

கணக்கு வேண்டுமென்றால் சொல்கிறேன். காற்றில் 100க்கு 2 பங்கு கேஸ் கலந்தாலே பற்றிக்கொள்ளும். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள சமையலறை முழுக்க அந்த அளவு பரவுவதற்கு ஒன்றேகால் கிலோ கேஸ் வேண்டும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஆனால் கேஸ் அறை முழுக்கச் சமமாகப் பரவாமல் முழங்கால் உயரத்துக்குத் தேங்கினால் கால் கிலோ போதும். பெரியம்மாவின் காலில் மட்டும் ஏன் பிடித்தது என்பதற்கு இதுதான் பதில். அவர் முழங்கால் ஆழ கேஸில் நின்றுகொண்டிருந்தார்.

இன்னொரு கூத்து. சில வீடுகளில் கேஸ் அலாரம் வாங்கி மாட்டுகிறார்கள், பாராட்ட வேண்டிய விஷயம். எங்கே மாட்டுகிறார்கள்? கூரைக்குப் பக்கத்தில். ஆபீஸில் புகை அலாரம் அங்கேதான் இருக்கிறது என்று எலக்ட்ரீஷியன் சொல்லிவிடுகிறார். சிலிண்டர் கேஸ் அலாரத்தைத் தரையிலிருந்து ஓரடி உயரத்துக்குள் மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் அது கத்துவதற்குள் வீட்டில் எல்லோரும் கத்திவிடுவார்கள்.

கடையில் விற்கிற எலக்ட்ரிக் சிம்னியும் அப்படித்தான். தாளிப்புப் புகைக்கும் எண்ணெய்ப் பிசுக்குக்கும் அது நல்ல சாமான். கசிந்த கேஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாடை வரும்போது ஓடிப்போய் அதைப் போடுவதுதான் பெரிய ஆபத்து. சுவிட்ச் போடும்போது உள்ளே தெறிக்கிற சின்னப் பொறி போதும். பெரியம்மா ஃபேன் சுவிட்சைத் தட்டியபோது ஒன்றும் ஆகாமல் போனதற்கு, கேஸ் அப்போது சுவிட்ச் உயரத்துக்கு வராததுதான் காரணமாக இருக்கும். அதிர்ஷ்டத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது.

காற்று விஷயத்திலும் இதே தலைகீழ்தான். விறகுக்குக் காற்று வேண்டும். அதனால் அடுப்பைச் சன்னலோரம், வாசலுக்கு நேராகப் போட்டிருப்பார்கள். ஊதாங்குழலுக்கு வேலை குறையும். அதே இடத்தில் மேடை போட்டு கேஸ் அடுப்பை வைத்தால், சிம்மில் வைத்த பால் அடுப்பு ஆடிக்காற்றில் அணைந்துவிடும். தீ போய்விடும், கேஸ் வந்துகொண்டே இருக்கும். மேடையைச் சன்னலுக்கு நேராகப் போடாதீர்கள், ஒரு பக்கமாகத் தள்ளிப் போடுங்கள். கொத்தனாரிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் செலவே இல்லை.

அப்புறம் தரை அடுப்பு. உட்கார்ந்தே சமைத்துப் பழகியவர்கள், மேடை போட்டுக் கொடுத்தாலும் அடுப்பைக் கீழே இறக்கி வைத்துக்கொள்கிறார்கள். நின்றால் கால் கடுக்கிறதாம். எனக்குப் புரிகிறது அம்மா, எங்கள் வீட்டிலும் அம்மாச்சி கடைசி வரை அப்படித்தான். ஆனால் அடுப்பு எப்போதும் சிலிண்டரின் தலையைவிட உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் இருந்தால் கசிகிற கேஸ் நேராகத் தீயிடம் போய்ச் சேரும். முந்தானை வேறு பக்கத்திலேயே. நிற்க முடியாவிட்டால் உயரமான ஸ்டூல் வாங்கிக் கொடுங்கள், மகன்களே. டைல்ஸுக்குச் செலவழித்ததோடு பார்த்தால் அது ஒரு செலவே இல்லை.

எலி என்றதும் சிரிப்பவர்கள் உண்டு. பெரியம்மா வீட்டுக் கசிவுக்குக் காரணமே எலிதான். பரணில் விறகு இருந்தால் எலி இருக்கும். எலி இருந்தால் ரப்பர் டியூபைக் கொறிக்கும். அங்கே நான் கழற்றிய டியூபில் வளைவுக்குப் பின்னால், மேலிருந்து பார்த்தால் தெரியாத பக்கத்தில், அரை நெல்லளவுக்கு இரண்டு பல் தடம். அடுப்புக் குமிழை மூடியும் கசிவு நிற்காததற்கு அதுதான் காரணம், ரெகுலேட்டர் திறந்தே இருந்தது. கம்பி பின்னிய ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபைத்தான் போட வேண்டும், எலி சுலபத்தில் கடிக்காது. அதற்கும் ஐந்து வருடம்தான் ஆயுள், தேதி டியூபிலேயே அச்சடித்திருக்கும். அதன் மேல் அழகுக்கு உறை மாட்டாதீர்கள், வெடிப்பு தெரியாமல் போகும். மேடையில் ஓட்டை போட்டு சிமென்ட் வைத்து டியூபைப் பூசிவிடுகிற கொத்தனார்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் என்ன சொல்ல.

ராத்திரி படுக்கப் போகும்போது ரெகுலேட்டரை மூடுங்கள். அடுப்புக் குமிழை மட்டும் மூடினால் டியூப் முழுக்க கேஸ் நின்றுகொண்டிருக்கும். சிலிண்டர் இறக்கும்போது டெலிவரி தம்பியிடம் வாஷர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அவசரம் என்றால் அவர் ஓடட்டும், நீங்கள் விடாதீர்கள். சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் A, B, C, D என்று ஓர் எழுத்தும் வருடமும் இருக்கும். அது வருடத்தை நான்காகப் பிரித்த கணக்கு. B 28 என்றால் 2028 ஜூன் வரைக்கும்தான், அதற்குப் பிறகு மறுபரிசோதனை ஆகாமல் வந்தால் திருப்பி அனுப்புங்கள். கசிவு பார்ப்பதற்கு சோப்புத் தண்ணீர். தீக்குச்சி கிழித்துக் காட்டுகிற வீரர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

விறகடுப்பையே தலைமுழுகுங்கள் என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் யாரும் கேட்கப் போவதில்லை. சிலிண்டர் விலை ஏறினால் வெந்நீருக்கு விறகு, நெல் அவிக்க விறகு, பொங்கலுக்கு விறகு. இலவச கேஸ் அடுப்பு வாங்கிய வீடுகளிலும், 2016இல் வந்த உஜ்வலா என்கிற மத்திய அரசுத் திட்டத்தில் இணைப்பு வாங்கிய வீடுகளிலும் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் எரிவதை வாரா வாரம் பார்க்கிறேன். வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரே அறையில் வேண்டாம். கேஸ் அறையைவிடப் பள்ளத்தில் வேண்டவே வேண்டாம். வெந்நீர் அடுப்பைக் கொல்லையில், வீட்டை விட்டுத் தள்ளி, கிணற்றடிப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள். விறகையும் பரணிலிருந்து இறக்கி வெளியே அடுக்குங்கள். விறகடுப்பு தப்புப் பண்ணினால் கண் எரியும், இருமல் வரும், சொல்லிவிட்டுத்தான் செய்யும். கேஸ் அந்த மரியாதையெல்லாம் பார்க்காது.

வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், இருப்பது இருந்தபடி இருக்கட்டும். ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, கயிற்றில் தொங்குகிற மூடியை சிலிண்டர் வாயில் அழுத்திப் போடுங்கள். சாமி விளக்கு, ஊதுபத்தி இருந்தால் அணைத்துவிடுங்கள். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் அகலத் திறங்கள், சன்னல் மட்டும் போதாது. பக்கத்தில் எங்காவது தணல் கனன்றுகொண்டிருந்தாலோ, இரைச்சல் பெரிதாகக் கேட்டாலோ இதில் எதையும் செய்துகொண்டிருக்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறுங்கள். வெளியே போன பிறகு 1906க்குப் போன் செய்யுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள்.

பெரியம்மா இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டு இன்னும் பிரிக்கவில்லை. போன வாரம் மகன் போன் பண்ணினார், குரலில் குற்ற உணர்ச்சி. "அண்ணே, செலவைப் பத்திக் கவலை இல்ல. அந்தப் புகைபோக்கியில இன்னும் பெரிய ஃபேனா போட்டுரலாமா?"

நான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அந்த மேடைக் கதவுகளைக் கழற்றி வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், கொத்தனாரை வரச் சொல்லுங்கள், தெருப்பக்கச் சுவரில் தரையோடு தரையாக இரண்டு ஓட்டை போட்டு எலி வராத வலை அடிக்க வேண்டும் என்றேன்.

"தரையிலயாண்ணே?" என்றார்.