இல்லாத குதிரையைச் சொன்ன பிள்ளை

“ஏ ஃபார் ஆப்பிள்ல இருந்து இசட் ஃபார் ஜீப்ரா வரைக்கும் சொல்லுவான் மேடம். தாகம் எடுத்தா மட்டும் அழுவான்.”

இரண்டரை வயதுப் பையனை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா சொன்னது இது. மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் எனக்கு இந்தப் புகார் புதிதல்ல. ஒரு நாள் மேலூரிலிருந்து வரும், ஒரு நாள் உசிலம்பட்டியிலிருந்து வரும்.

ரோஜாப் படம் போட்ட அட்டையைக் காட்டினேன். “ரோஸ்” என்றான் பட்டென்று. “பூ எங்க?” என்றேன். என் வாயையே பார்த்தான். அம்மா தலையில் ஒரு முழம் மல்லிகை இருந்தது. அதை எடுத்து அவன் மூக்கருகே பிடிக்கச் சொன்னேன். மோந்து பார்த்துச் சிரித்தான். பூவைப் பிடுங்கி, அம்மாவின் பின்னந்தலையிலேயே திரும்ப வைக்கப் பார்த்தான். ஆக, பூ என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகவே தெரியும். வாசனை, அம்மா தலை, சாயங்காலம் எல்லாம் சேர்ந்ததுதான் அவனுடைய பூ. அதோடு ‘பூ’ என்ற சத்தத்தை முடிச்சுப் போடத்தான் ஆளில்லை. வீட்டில் பூக் கட்டும் நேரத்தில் அவன் கையில் போன்.

போனிலும் படம் இருக்கிறது, சத்தம் இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்று கேட்பார்கள். 2003-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று. ஒன்பது மாதக் குழந்தைகளில் ஒரு பிரிவினரோடு சீன மொழிக்காரர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் படித்துக் காட்டினார்கள். இன்னொரு பிரிவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, ஆனால் டிவியில். நேரில் கேட்ட குழந்தைகளுக்குச் சீன ஒலிகள் பிடிபட்டன. டிவியில் பார்த்தவர்களுக்கு ஒன்றும் ஒட்டவில்லை. குழந்தை எதைப் பார்க்கிறது என்று பார்த்து, அதன் பெயரை அந்த நொடியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும். போனுக்கு அது தெரியாது.

“ஒன்பது மாசப் பிள்ளைகிட்ட என்னத்தப் பேச?” என்பவர்களுக்கு இன்னொன்று. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள்கூட ஆறேழு மாதத்தில் இந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் காதால் பிரித்துவிடுகின்றன. ஒரு வயதை நெருங்கும்போது பெரும்பாலான குழந்தைகளால் அது முடிவதில்லை. 1984-இல் கனடாவில் கண்டது இது. தினமும் கேட்கும் ஒலிகளுக்குக் காது அவ்வளவு சீக்கிரம் பழகிவிடுகிறது. (வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ ஆக்கும் ஊர்க்காரி நான் இதைச் சொல்வது வேறு கதை.)

சரி, குதிரைக்கு வருகிறேன். ஒரு தாத்தா பேத்தியைக் கூட்டி வந்தார். சித்திரைத் திருவிழாவில் அவர் தோளில் உட்கார்ந்து, அழகர் தங்கக் குதிரையில் வைகையில் இறங்கியதைப் பார்த்த பிள்ளை. சில மாதம் கழித்து ஆட்டோவில் வைகை மேலுள்ள ஏ.வி. பாலத்தைக் கடக்கும்போது, ஆற்றின் வெறும் மணலைக் காட்டி “குதுர” என்றிருக்கிறாள். “இல்லாத குதிரையைச் சொல்றாம்மா, ஏதும் கோளாறா?” என்று தாத்தா கவலைப்பட்டார். எனக்கோ எழுந்து கைதட்டலாம் போலிருந்தது. கண் முன்னால் இருப்பதற்குப் பெயர் சொல்வது ஒரு படி. இல்லாததை மனதில் வரவழைத்து அதற்குப் பெயர் சொல்வது அதைவிடப் பெரிய படி. அதனால்தான் ‘எத்தனை வார்த்தை சொல்கிறான்’ என்று கேட்பதோடு ‘எதிரில் இல்லாததைப் பற்றி ஏதாவது சொல்கிறானா’ என்றும் கேட்கிறேன்.

மனதில் வருவது எல்லாருக்கும் படமாகத்தான் வரவேண்டும் என்றில்லை. கண்ணை மூடினால் மனைவி முகம்கூடத் தெரியாது, வெறும் இருட்டுதான் என்று ஓர் அப்பா சொன்னார். அவர் நன்றாகப் பேசுபவர், கதை சொல்பவர். காலை உணவு மேசையை மனக்கண்ணில் பார்க்கச் சொல்லி 1880-லேயே பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் பலரிடம் விசாரித்தார். சிலருக்கு எதுவுமே தெரியவில்லை. 2015-இல்தான் இதற்கு ‘அஃபான்டேசியா’ என்று பெயர் வந்தது. இது நோயில்லை. அவரிடம் மகனுக்குப் படம் காட்டச் சொல்லாமல், கையில் கொடுத்து, தொட வைத்து, மோந்து பார்க்க வைத்துப் பெயர் சொல்லச் சொன்னேன். எந்தப் பிள்ளைக்கும் அதுவே நல்ல வழி.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எங்களிடம் எப்போது வரவேண்டும்? ஒரு வயதாகியும் மழலைச் சத்தமோ விரல் நீட்டிக் காட்டுவதோ இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, இரண்டு வயதில் ‘பால் தா’ மாதிரி இரு சொல் சேரவில்லை என்றால் வந்துவிடுங்கள். வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் உடனே. முதலில் காதுப் பரிசோதனை. தூங்கும் குழந்தைக்கும் செய்யலாம். ‘ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்’, ‘நாக்கில் வசம்பு தேய்’ என்று ஒரு வருடத்தைக் கரைத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். ஒரு வயதுக்குள் நாக்கில் தேன் தடவுவது ஆபத்தே. வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ் என்றால் இருக்கட்டும். இரண்டு மொழியால் பேச்சு தாமதமாகாது. அதற்காகத் தாய்மொழியை நிறுத்தச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

முதலில் சொன்ன அந்த ‘ரோஸ்’ பையன் வீட்டில் நான் கேட்டது கொஞ்சம்தான். பூக் கட்டும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். தண்ணீர் டம்ளரை உடனே நீட்டாமல், ‘தண்ணி’ என்று சொல்லி ஐந்து நொடி பொறுங்கள். போன வாரம் அம்மா பூ வைக்காமல் வந்திருந்தார். அவன் அவர் பின்னந்தலையைத் தடவிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“பூ காணோம்.”