ஸ்பெக்ட்ரோகிராம்: தமிழில் ஒலிக்கோலம்

"சேர், மீனுக்கு ஏது சத்தம்? அதைக் கம்ப்யூட்டர் எப்படிக் கேட்கும்?" மீனை அதன் சத்தத்தை வைத்தே கம்ப்யூட்டர் இனங்காணும் என்று நான் சொன்னதும், ஹட்டனில் உயர்தர வகுப்புப் பிள்ளை ஒருத்தி இப்படிக் கேட்டாள். மீன் சத்தம் போடும், கம்ப்யூட்டர் அதைக் கேட்பதில்லை, பார்க்கிறது என்றேன். அது பார்க்கும் படத்தின் பெயர்தான் ஸ்பெக்ட்ரோகிராம்.

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும் காலத்தில் கரைச்சேற்றைப் பாருங்கள். சோற்றுத் தட்டளவில் வட்டக் குழிகள் தெரியும். திலாப்பியா ஆண்மீன் வாயால் தோண்டிய கூடு அது. 1952இல் இலங்கைக்கு வந்த மொசாம்பிக் திலாப்பியாவின் ஆண், பெண்மீனைக் கூட்டுக்கு அழைக்கையில் தாழ்ந்த குரலில் உறுமும். கெளுத்தியோ செட்டை முள்ளை உரசிக் கிறீச்சிடும். காற்றுப்பையைத் தசையால் அதிரவைத்து முரசுபோல் ஒலிக்கும் மீன்களும் உண்டு.

இந்த ஒலியை நீருக்குள் இறக்கிய ஒலிவாங்கி பதிவுசெய்கிறது. பதிவைச் சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் எந்த மீடிறன் (விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற அளவு) எவ்வளவு பலமாக இருக்கிறதெனக் கணக்கிட்டுப் புள்ளிகளாக வைத்தால் படம் எழும்பும். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக மீடிறன். ஒலியின் பலம் கூடக்கூடப் புள்ளி பளிச்சிடும். மீனின் உறுமல் அடியில் தடித்த கீற்றாக விழும். படகு மோட்டார் அடுக்கடுக்கான கிடைக்கோடுகளாகவும், மழை படம் முழுக்க இறைத்த மாவாகவும் தெரியும்.

பிறகு நடப்பது இயந்திரக் கற்றல், அதாவது உதாரணங்களைக் காட்டிக் கம்ப்யூட்டரைப் பழக்குவது. பூனைப் படத்தையும் நாய்ப் படத்தையும் பிரித்தறியும் அதே வகைக் கம்ப்யூட்டர் நிரலுக்கு, நரம்பு வலையமைப்பு என்பார்கள், இந்தப் படங்களைக் காட்டுகிறார்கள். ஆனால் 'இது இன்ன மீன்' என்று முதலில் குறித்துக் கொடுக்க மனிதர் வேண்டும். அந்தக் குறிப்பு பிழைத்தால் இயந்திரமும் பிழையையே படிக்கும்.

சொல்லுக்கு வருவோம். முன்பாதி லத்தீன்: ஸ்பெக்ட்ரம் என்றால் தோற்றம், ஆவியுருவும்கூட. ஒளி பிரிந்து விழுந்த நிறப்பட்டைக்கு 17ஆம் நூற்றாண்டில் நியூட்டன் அந்தப் பெயரை வைத்தார். பின்பாதி கிரேக்கம்: கிராம்மா, எழுதப்பட்டது. ஒலியை இப்படிப் படமாக்கும் கருவி 1940களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவானது.

தமிழ்நாட்டு நூல்களில் ஸ்பெக்ட்ரம் 'நிறமாலை'. ஒளிக்கு அழகான சொல், ஒலிக்குப் பொருந்தவில்லை. மீனின் உறுமலில் நிறமேது? நம் இலங்கைப் பாடநூல்களின் 'திருசியம்' வடமொழிதான் என்றாலும் 'காணப்படுவது' என்ற பொருளால் லத்தீனுக்கு நெருக்கம். 'ஒலித்திருசிய வரைவு' என்றால் குற்றமில்லை, வாய்தான் வலிக்கும்.

நான் சொல்வது ஒலிக்கோலம். கோலம் என்றால் தோற்றம்: கல்யாணக் கோலம், அலங்கோலம், மழையில் ஊறி வரும் பிள்ளையைப் பார்த்து அம்மா கேட்கும் "என்ன கோலம் இது?" கோலம் என்றால் வரைந்ததும்தான்: தைப்பொங்கலன்று லயத்து வாசலில் புள்ளி வைத்து இழுப்பது. லத்தீனும் கிரேக்கமும் சேர்ந்து சொன்னதை ஒற்றைத் தமிழ்ச்சொல் சொல்லிவிடுகிறது.

பிள்ளைகளே, பரீட்சையில் மட்டும் 'திருசியம்' என்றே எழுதுங்கள். கோலத்துக்குப் புள்ளியை நாம் வைக்கலாம், விடைத்தாளுக்கு வேறொருவர்தான் போடவேண்டும்.