குறட்டைப் பழியைக் குளிரின் மேல் போடாதீர்கள்

குன்னூரில் பல் மருத்துவம் பார்ப்பவருக்கும் குறட்டைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்கள் உண்டு. நாள் முழுவதும் வாய்க்குள் பார்ப்பதே எங்கள் வேலை என்பதால், மூச்சுப் பாதை குறுகியிருப்பதன் அடையாளங்கள் பல நேரங்களில் முதலில் எங்கள் கண்ணில்தான் படுகின்றன. எடுப்புப் பல்லுக்குக் கம்பி கட்ட அழைத்துவரப்படும் பிள்ளைகள் சிலருக்கு மேலண்ணம் குறுகி உயர்ந்திருக்கும், உதடுகள் காய்ந்து வெடித்திருக்கும், முன்பல் ஈறு மட்டும் சிவந்து வீங்கியிருக்கும். இவை சேர்ந்திருந்தால், பிள்ளை இரவில் எப்படித் தூங்குகிறது என்பதைத்தான் முதலில் விசாரிப்பேன். "குளிருக்குக் குறட்டை விடுவான் டாக்டர், இந்த ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தானே?" என்பதே வழக்கமான பதில்.

குளிரில் மூக்கடைப்பது உண்மை. சன்னல் திறக்காத அறையும், கம்பளித் தூசியும், விறகுப் புகையும் அதைக் கூட்டுவதும் உண்மை. ஆனால் சளி பிடித்த வாரத்தோடு நின்றுவிடும் குறட்டை வேறு; பருவம் எதுவானாலும் வாரத்தில் மூன்று இரவுகளோ அதற்கு மேலோ வரும் குறட்டை வேறு. பின்னது, தூங்கும்போது மூச்சுப் பாதை அடிக்கடி அடைபட்டு மூச்சு தடைபடும் நோயின் அடையாளமாக இருக்கலாம். நூறு குழந்தைகளில் ஏறத்தாழ ஒருவர் முதல் ஐந்து பேர் வரை தூக்கத்தில் மூச்சடைப்புக்கு ஆளாகிறார்கள். டான்சிலும் மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையும் தொண்டையின் அளவை விடப் பெருத்திருக்கும் 2 முதல் 8 வயதில்தான் இது மிகுதி.

பெற்றோரிடம் நான் கேட்பது ஒரு வீடியோ. பிள்ளை அயர்ந்து தூங்கும்போது, முக்கியமாக விடியற்காலையில், போர்வையை மார்புவரை விலக்கி இரண்டு நிமிடம் செல்போனில் பதிவு செய்தால் போதும். மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குழி உள்வாங்குகிறதா, கழுத்தைப் பின்னுக்கு வளைத்துப் படுத்திருக்கிறதா, சத்தம் சட்டென நின்று பிறகு திணறலோடு தொடங்குகிறதா என்பவை அதில் தெரிந்துவிடும். உறைபனி விழும் சனவரி இரவில் பிள்ளையின் பிடரி வியர்த்து நனைந்திருந்தால், மூச்சுக்காக உடல் எவ்வளவு உழைக்கிறது என்பதை அதுவே சொல்லும். நின்றுபோன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவதும், வகுப்பில் ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று இருப்பதும் இதன் விளைவாக இருக்கக்கூடும். பெரியவர்கள் பகலில் தூங்கி விழுவார்கள், பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள்.

பெரியவர்களிடம் இந்த மூச்சடைப்பு இருக்கக்கூடுமா என்று பார்க்க, 2008இல் டொராண்டோவில் மயக்கவியல் மருத்துவர்கள் உருவாக்கிய ஸ்டாப்-பேங் கேள்வித்தாள் பயன்படுகிறது. உரத்த குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நின்றதை அருகிலிருப்பவர் பார்த்தது, இரத்த அழுத்தம், உடல் பருமன், 50க்கு மேற்பட்ட வயது, 40 செ.மீ.க்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு, ஆணாக இருப்பது என எட்டில் மூன்று பொருந்தினாலே மேற்பரிசோதனை தேவை. தையல்காரரின் நாடா ஒன்று போதும் என்பதால் எந்தக் கிளினிக்கிலும் இதைச் செய்யலாம். எனினும் இதில் தப்பிப்போகிறவர்களும் இருக்கிறார்கள். நம்மவர்களில் தாடை சிறுத்த ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் குறட்டையை விடத் தலைவலியும் அசதியும்தான் முன்னால் நிற்கும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்ணின் அசதியை வேலைக் களைப்பு என்று சொல்லி எல்லோரும் கடந்துவிடுகிறார்கள்.

வாடகை வண்டி ஓட்டுநர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால், லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில் மழுப்புவார்கள். பேச்சு கொடுத்தால் உண்மை வரும்: கொண்டை ஊசி வளைவுகளில் யாருக்கும் கண் அயர்வதில்லை, மேட்டுப்பாளையம் தாண்டி நேர்ச்சாலை பிடித்ததும்தான் இமை செருகுகிறது. குளிருக்கு இதமென்று இரவில் குடிக்கும் மதுவும் தொண்டைத் தசைகளைத் தளர்த்தி அடைப்பைக் கூட்டுகிறது என்பதையும் அவர்களிடம் சொல்லிவைக்கிறேன்.

மலையில் வாழ்பவர்கள் கூடுதலாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இரத்தத்தின் ஆக்சிஜன் அளவு தொடக்கத்திலேயே சற்றுக் குறைந்திருப்பதால், இருபது நொடி மூச்சு நின்றால் அது சமவெளியில் இறங்குவதை விட இங்கே இன்னும் கீழே இறங்கும். தூங்கும்போது மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் பதிவு செய்யும் தூக்கச் சோதனைக்குப் பெரும்பாலும் கோயம்புத்தூருக்குத்தான் போகிறோம். அங்கே எடுத்த அறிக்கை மேலே நடப்பதைக் குறைத்துக் காட்டக்கூடும். ஆகவே சோதனைக்குப் போகும்போது, வசிக்கும் ஊரின் உயரத்தைச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு தடைபடுகிறது என்பதே அளவுகோல்: பெரியவர்களுக்கு ஐந்துக்குக் கீழ் இயல்பு, முப்பதும் அதற்கு மேலும் கடுமை, குழந்தைகளுக்கு ஒன்றைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். நோயை உறுதி செய்வதும் சிகிச்சையை முடிவு செய்வதும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் நுரையீரல் மருத்துவரும் செய்ய வேண்டியவை. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் டான்சில், அடினாய்டு அறுவையும், பெரியவர்களுக்கு, தூங்கும்போது காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் காற்றழுத்த முகமூடியும் முதல் தேர்வு. முகமூடி ஒத்துக்கொள்ளாத, நோய் மிதமாக உள்ளவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் கருவியைப் பல் மருத்துவர் செய்து தரலாம். அதைப் போட்டதும் குறட்டை அடங்கி வீட்டார் நிம்மதியாகத் தூங்குவார்கள். ஆனால் சத்தம் அடங்கிய பின்னும் மூச்சு தடைபடலாம் என்பதால், கருவியோடு ஒரு முறை தூக்கச் சோதனை செய்து பார்க்காமல் யாருடைய சிகிச்சையும் முடிந்ததாக நான் எழுதுவதில்லை.