சைவத்துக்கு மாறுங்கள், பழைய சோற்றை மட்டும் நம்பி மாறாதீர்கள்

பழைய சோற்றில் உங்களைக் காப்பாற்றும் அளவுக்குப் பி12 (நரம்புக்கும் ரத்தத்துக்கும் தேவையான வைட்டமின்) இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு எந்த உணவிலும் இல்லாத பி6, பி12 எல்லாம் பழைய சோற்றில்தான் கொட்டிக்கிடக்கிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பி, இந்த வாரமும் ஒருவர் கால் மரத்துப்போன நிலையில் என் க்ளினிக்குக்கு வந்தார். இனியும் எழுதாமல் இருக்க முடியாது.

தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருப்பவர் (ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்), ஐம்பதைத் தாண்டிய வயது. அம்மா இறந்தபோது கறி மீனை விட்டவர், அப்புறம் வள்ளலாரின் சன்மார்க்க சங்கத்துக்குப் போக ஆரம்பித்து சைவத்தில் உறுதியாகிவிட்டார். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டுப் பாலையும் நிறுத்தினார். சுகருக்கு மெட்ஃபார்மின், அதோடு தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை. பாதத்தில் எரிச்சலும் மதமதப்பும் வந்தபோது வீட்டில், பக்கத்து வீட்டில், மெடிக்கல் கடையில் எல்லோரும் ஒரே குரலில் "சுகர்னா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டார்கள். பிறகு நூல் விரலில் நிற்கவில்லை. கண் நன்றாகத் தெரிகிறது, நூலைப் பிடித்திருப்பது விரலுக்குத் தெரியவில்லை. காலையில் முகம் கழுவக் கண்ணை மூடினால் ஆள் சாய்கிறார். விரல் மூட்டுகள் எல்லாம் கறுத்திருந்தன. பரிசோதனையில் பி12 நூறைக்கூடத் தொடவில்லை. ஒரு மில்லிக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்றுதான் எடுத்துக்கொள்கிறோம்.

(இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை: சுகர்காரரின் கால் மரத்துப்போனால் எல்லாமே சுகர் ஆகிவிடாது. கண்ணை மூடச் சொல்லி நிற்க வைத்துப் பாருங்கள், கணுக்காலில் டியூனிங் ஃபோர்க்கை வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டு நிமிட வேலை.)

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மீன் சாப்பிடச் சொல்லுங்க டாக்டரம்மா, நீங்க சொன்னா கேப்பாரு, காசிமேடு நடக்குற தூரம்தான்" என்றார். நான் சொல்லவில்லை. இனிமேலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

காரணம் இருக்கிறது. வடசென்னையில் சைவம் சாப்பிடுகிறவர்களில் நிறைய பேர் பிறப்பால் அப்படி ஆனவர்கள் இல்லை. விடியற்காலையில் மீன் ஏலம் போகிற ஊரில், தெருவெல்லாம் கருவாட்டுக் குழம்பு மணக்கும்போது, ஒருவர் வேண்டாம் என்று முடிவெடுத்து அதில் நிற்கிறார். வள்ளலார் பல ஆண்டுகள் வாழ்ந்தது நம் ஏழுகிணறு வீராசாமி தெருவில்தான், கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடந்துபோய் வந்தவர் அவர். உயிர்க்கொலை கூடாது என்ற அவருடைய பேச்சைப் பிடித்துக்கொண்டவர்கள் இந்தப் பக்கம் இன்றும் இருக்கிறார்கள். சௌகார்பேட்டையின் ஜைனக் குடும்பங்கள் உருளைக்கிழங்கு வெங்காயத்தைக்கூடத் தொடுவதில்லை, மண்ணைத் தோண்டும்போது சாகிற சிறு உயிர்களை நினைத்து. பிள்ளைக்கு உடம்பு சரியானால் கறியை விடுகிறேன் என்று வேண்டிக்கொண்ட தாய்மார்கள் உண்டு. புளியந்தோப்பு இறைச்சிக்கூடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விட்ட பையன் இருக்கிறான், பூமி சூடாவதைப் படித்துவிட்டு விட்ட கல்லூரிப் பெண் இருக்கிறாள். இந்த மனசை "முட்டையாவது சாப்பிடுப்பா" என்று ஒரு மருத்துவர் தட்டிவிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. அப்படிச் சொன்னதும் நோயாளி தலையாட்டிவிட்டு வெளியே போவார், முட்டையும் சாப்பிட மாட்டார், மறுபடி வரவும் மாட்டார்.

புரட்டாசிக்கு மட்டும், மாலை போட்ட நாற்பது சொச்ச நாளுக்கு மட்டும், வெள்ளி செவ்வாய்க்கு மட்டும் சைவமாக இருக்கிறவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டாம். உடம்பு, முக்கியமாகக் கல்லீரலில், 2 முதல் 5 மில்லிகிராம் வரை பி12-ஐச் சேர்த்து வைத்திருக்கும், தினசரித் தேவையோ 2 மைக்ரோகிராம் சொச்சம், வருடக்கணக்கில் தாங்கும். அதனால்தான் ஆபத்தே. மாறின முதல் இரண்டு மூன்று வருடம் உடம்பு நன்றாக இருக்கும், லேசாக இருக்கும், "பார்த்தீங்களா எனக்கு ஒண்ணும் ஆகலை" என்று ஊருக்கே சொல்வோம், அதற்கப்புறம் ஒருநாள் செருப்பு காலிலிருந்து கழன்றது தெரியாமல் நடப்போம்.

சைவம் என்று பொதுவாகச் சொன்னால் எனக்குப் போதாது. 1847-இல் இங்கிலாந்தின் ராம்ஸ்கேட்டில் சைவ உணவுச் சங்கம் தொடங்கியபோது பால், முட்டை இரண்டுக்கும் அதில் இடம் இருந்தது. 1944-இல் பாலும் வேண்டாம் என்றவர்கள் பிரிந்துபோய் வீகன் ஆனார்கள். நம் ஊரில் முட்டை சைவம் கிடையாது, பால் உண்டு. ஆக உங்கள் சைவத்தில் பால் இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு, என்பதுதான் கேள்வி. நூறு மில்லி பாலில் அரை மைக்ரோகிராமுக்குக் கொஞ்சம் குறைவாகவே பி12 இருக்கும். தேவை முழுவதும் பாலிலிருந்தே வர வேண்டுமென்றால் தினமும் கிட்டத்தட்ட அரை லிட்டர் குடிக்க வேண்டும், ரொம்ப நேரம் காய்ச்சினால் அதிலும் ஒரு பகுதி போய்விடும். டீயில் விடுகிற ஐம்பது மில்லியைக் கணக்கில் காட்டி "பால் சேத்துக்குறேனே" என்கிறீர்கள். நேற்றுவரை நூறு கிராம் மத்தி மீனிலேயே சுமார் 8 மைக்ரோகிராம் வாங்கிக்கொண்டிருந்த உடம்பு அது.

இப்போது அந்தப் பழைய சோறு. பி12-ஐச் செடியும் செய்யாது, மிருகமும் செய்யாது, சில வகை பாக்டீரியாக்கள் மட்டும்தான் செய்யும். சரி, பழைய சோற்றில் பாக்டீரியா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் எல்லா பாக்டீரியாவும் பி12 செய்வதில்லை. சோறும் இட்லி மாவும் புளிக்கும்போது ஃபோலேட் போன்ற வேறு சில பி வைட்டமின்கள் கூடும், வயிற்றுக்கு நல்லது, வெயிலுக்கு நல்லது. நம் ஸ்டான்லி மருத்துவமனையிலேயே குடல் நோய்களுக்காகப் பழைய சோற்றை ஆராய்ச்சிக்கு எடுத்தார்கள். அது குடலுக்கான ஆராய்ச்சி. அதை வைத்துக்கொண்டு "ஸ்டான்லியே சொல்லிட்டாங்க, பி12 இருக்குன்னு" என்று எனக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

அடுத்த கேள்வியும் தயாராக இருக்கும்: "மாடு புல்லைத்தானே தின்னுது, அதுக்கு யாரு மாத்திரை குடுக்குறாங்க?" மாட்டின் முதல் வயிற்றில் பாக்டீரியா குடியிருக்கிறது, புல்லில் இருக்கிற கோபால்ட்டை வைத்து அங்கே பி12-ஐத் தயாரிக்கிறது, அது கீழே இறங்கிச் சிறுகுடலுக்கு வரும்போது மாட்டின் உடம்பு எடுத்துக்கொள்கிறது. மண்ணில் கோபால்ட் குறைந்தால் மாட்டுக்கும் பி12 குறையும், அதனால்தான் தீவனத்தோடு தாது உப்புக் கலவை கொடுக்கிறார்கள். நமக்கும் பெருங்குடலில் அந்த பாக்டீரியா உண்டு, ஆனால் நாம் பி12-ஐ உறிஞ்சும் இடம் சிறுகுடலின் கடைசிப் பகுதி, பெருங்குடல் அதற்கும் கீழே. அங்கே தயாராவது நமக்குப் பயன்படாமல் வெளியேறிவிடும். ஸ்பைருலினா மாத்திரை விற்கிறவர்கள் அதில் பி12 இருப்பதாகச் சொல்வது பெரும்பாலும் போலி பி12, உருவத்தில் மட்டும் ஒத்திருக்கும், நரம்புக்கு உதவாது. முருங்கைக்கீரை வேறு சத்து, வேறு கதை. கீரையைக் குறைக்காதீர்கள், ஆனால் எத்தனை கட்டு சாப்பிட்டாலும் பி12 வராது.

ரேஷன் அரிசியில் வித்தியாசமாக இருக்கும் அரிசியைப் பிளாஸ்டிக் என்று பொறுக்கி எறியும் வீடுகளுக்கு ஒரு விஷயம். அது செறிவூட்டப்பட்ட அரிசி, இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்துச் செய்தது. அது கலந்த ஒரு கிலோ அரிசியில் பி12 சுமார் 1 மைக்ரோகிராம்தான், அதை மட்டும் நம்ப முடியாது. எறியவும் வேண்டாம்.

என்ன செய்ய வேண்டும்? வருடத்துக்கு ஒருமுறை பி12 பாருங்கள். வீகன் என்றால், பால் பெயருக்குத்தான் என்றால், அறிகுறி வருகிறவரை காத்திருக்காமல் மாத்திரை எடுங்கள். எந்த அளவு என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். தேவை இரண்டு மைக்ரோகிராம், மாத்திரை ஐந்நூறா என்று பதறாதீர்கள், ஒரு வேளைக்கு உடம்பு தன் வழக்கமான வழியில் எடுத்துக்கொள்வது 2 மைக்ரோகிராம் போலத்தான், மீதியில் நூற்றில் ஒரு பங்குதான் உள்ளே போகும். மெட்ஃபார்மினும் தினசரி கேஸ் மாத்திரையும் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. கேஸ் மாத்திரை உங்களுக்கு இன்னும் தேவையா என்று மட்டும் கேளுங்கள், வருடக்கணக்கில் கேட்காமல் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். ரத்தம் ஊறட்டும் என்று ஃபோலிக் அமிலத்தை மட்டும் வாங்கிப் போடாதீர்கள். ஹீமோகுளோபின் ஏறும், எல்லோரும் நிம்மதி ஆவோம், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும்.

மாத்திரை எடுத்தால் விரதம் கெடுமா என்று கேட்பவர்களுக்கு: பி12-ஐ பாக்டீரியாவை வளர்த்துத்தான் எடுக்கிறார்கள், இறைச்சியிலிருந்து இல்லை. கேப்சூலின் மேல் உறை பெரும்பாலும் ஜெலட்டின், அது மிருகத்திலிருந்து வருவது. ஆகவே கேப்சூல் வேண்டாம், மாத்திரையாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். கேட்பது உங்கள் உரிமை, மெடிக்கலில் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

கர்ப்பமாக இருக்கும், பால் கொடுக்கும் பெண்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அம்மாவுக்கு இல்லாத பி12 தாய்ப்பாலிலும் வராது. ஆறேழு மாதம் நன்றாகச் சிரித்து விளையாடிய குழந்தை சோர்ந்துபோய், கழுத்து நிற்காமல், முகம் பார்க்காமல், கை நடுங்க ஆரம்பிக்கும். பாட்டிமார்கள் திருஷ்டி என்பார்கள். திருஷ்டி கழியுங்கள், அன்றைக்கே குழந்தை மருத்துவரிடமும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

தையல்காரருக்கு ஊசி போட ஆரம்பித்திருக்கிறோம். மதமதப்பு இத்தனை நாள் இருந்துவிட்டதால் முழுவதும் மீளுமா என்று அவருக்கு நான் வாக்குக் கொடுக்க முடியவில்லை, நடை தேறும் என்று மட்டும் சொன்னேன். அவர் சைவமாகத்தான் இருக்கிறார்.

கடைசியாக, பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன்னாலேயே சத்து மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு வராதீர்கள். ரிசல்ட் நார்மல் என்று காட்டிவிடும், உண்மை நிலவரம் எங்களுக்குத் தெரியாமல் போய்விடும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா, மறைக்காமல் அந்த அட்டையைக் கையோடு எடுத்து வாருங்கள்.