வருடிக் கோத்தல்: ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லுக்குள் இருக்கும் இரண்டு வேலைகள்

“எல்லாப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரே பிடிஎஃப்பா அனுப்புங்க” என்று அலுவலகங்களில் கேட்கிறார்கள். இந்த வரியில் இரண்டு வினைகள் இருக்கின்றன. தாளில் உள்ளதைப் படமாக்குவது ஒன்று. அந்தப் படங்களை வரிசை குலையாமல் ஒன்றாக்குவது இன்னொன்று. முதல் வினைக்கு ‘வருடுதல்’ ஊன்றிவிட்டது. இரண்டாவதற்குத்தான் ‘மெர்ஜ்’, ‘கம்பைன்’ என்று தடுமாறுகிறோம். அதற்கான சொல் பனையோலைக் காலத்திலிருந்து நம்மிடம் இருக்கிறது: கோத்தல்.

வருடு என்றால் மெல்லத் தடவு. குழந்தையின் தலையை வருடுகிறோம். காற்று முகத்தை வருடுகிறது. ‘அடிவருடி’ ஏச்சுச் சொல்லாகிவிட்டாலும், கருவிக்கு ‘வருடி’ என்று பெயரிட்டபோது அந்தக் கறை ஒட்டவில்லை. தட்டை வருடியின் மூடி இடுக்கில் பாருங்கள். கண்ணாடிக்கு அடியில் ஓர் ஒளிப்பட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சீராக நகரும். தாளில் பட்டுத் திரும்பும் ஒளியை உணரி கீற்றுக் கீற்றாக அளக்கும். 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில், ஒரு ஏ4 பக்கத்துக்கு 3508 கீற்றுகள், கீற்றுக்கு 2480 படப்புள்ளிகள். இந்த நகர்வைப் பார்த்தவர்தான் ‘வருடு’ என்று பெயர் வைத்திருக்க முடியும். மின்வருடி, ஒளிவருடி என்றும் எழுதுகிறார்கள். வருடி என்றாலே போதும். கைப்பேசிக் கேமரா பக்கம் முழுவதையும் ஒரே நொடியில் பிடிப்பதால் அது செய்வது உண்மையில் வருடல் அல்ல, படம்பிடித்தல். ஆனாலும் செயலி ஓரத்தை வெட்டி, கோணலை நிமிர்த்தி, நிழலை வெளுத்துத் தருவதால் அதையும் வருடல் என்றே வழங்குவதில் பிழையில்லை.

ஆங்கிலச் சொல்லின் வேர் வேறு திசையில் போகிறது. லத்தீனில் ‘ஸ்காந்தெரெ’ என்றால் ஏறுதல். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதன் பொருள், செய்யுளை அசை அசையாகப் பிரித்துச் சந்தம் பார்ப்பது. யாப்பு படித்தவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும்: அதுதான் அலகிடுதல். நேர், நிரை என்று நாம் பிரிக்கும் அதே வேலை. பிறகு ‘கூர்ந்து ஆராய்’ என்று பொருள் விரிந்து, தொலைக்காட்சி வந்த காலத்தில் படத்தை வரி வரியாகப் படிக்கும் பொறியின் வேலைக்குப் பெயரானது. 1957இல் அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணயப் பணியகத்தில் ரஸ்ஸல் கிர்ஷும் குழுவினரும் ஒரு குழந்தையின் நிழற்படத்தைச் சுழலும் உருளையில் வைத்து வருடிக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். குழந்தை கிர்ஷின் மகன். படத்தின் அளவு நீளத்தில் 176, அகலத்தில் 176 புள்ளிகள்தான்.

அப்படியானால் கருவிக்கும் ‘அலகிடு’ என்றே வைக்கலாமே? கூடாது என்பதே என் கருத்து. அலகிடுபவர் எழுத்தை அறிந்து பிரிக்கிறார். வருடிக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. எங்கே கறுப்பு, எங்கே வெளுப்பு என்பதே தெரியும். அதேபோல் வைரஸ் ‘ஸ்கேன்’ என்பதற்கு ‘சோதி’ பொருந்தும், ‘வருடு’ பொருந்தாது. பேச்சுவழக்கே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறது: மருத்துவமனையில் ஸ்கேன் ‘எடுக்கிறோம்’, தாளை ஸ்கேன் ‘பண்ணுகிறோம்’.

இனி கோப்பு. கோ என்ற வினையிலிருந்து வந்தது. மணியைக் கோ, பூவைக் கோ. ஓலைச்சுவடியில் இரண்டு துளையிட்டு, ஒன்றில் கயிறு கோத்து, மற்றதில் நாராசம் என்ற கம்பியைச் செருகி வைப்பார்கள். கயிறு அவிழ்ந்து ஏடுகள் கலைந்தாலும் இடப்பக்க ஓரத்து ஏட்டெண்ணைப் பார்த்து மறுபடி அடுக்கலாம். ‘கட்டுக்கோப்பு’ என்று இன்றும் சொல்கிறோமே, அதிலுள்ள கோப்பும் இதுதான். ‘ஃபைல்’ என்ற சொல்லும் நூலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்ததே. தாள்களைக் கயிற்றில் கோத்து வைத்த பழக்கத்தால் வந்த பெயர். தொடர்பில்லாத இரண்டு மொழிகள் ஒரே வேலையைப் பார்த்து ஒரே மாதிரிப் பெயரிட்டிருக்கின்றன. ஆகவே “20 பக்கங்களையும் வருடி ஒரே கோப்பாகக் கோத்து அனுப்புக” என்று தயங்காமல் எழுதலாம். ‘கோர்த்து’ என்பது பேச்சு வழக்கு, எழுதும்போது ‘கோத்து’.

தாள், பக்கம் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். கோப்பதில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. தாள்களை ஒவ்வொன்றாகத் தானே இழுத்துக்கொள்ளும் தாளூட்டி உள்ள வருடி ஒரு பக்கம் மட்டும் படிப்பது என்றால், 10 தாளை முதல் சுற்றில் விட 1, 3, 5 என்று 19 வரை வரும். வெளியே வந்த அடுக்கைக் கலைக்காமல் அப்படியே புரட்டி மறுபடி விட்டால் 20, 18 என்று இறங்கி 2இல் முடியும். இரண்டாவது கோப்பைத் தலைகீழாக்கி ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்க வேண்டும். பிடிஎஃப் கருவிகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. கோப்பதற்கு முன் இரண்டிலும் பக்க எண்ணிக்கை சமமா என்று பாருங்கள். ஒன்றில் 10, மற்றதில் 9 என்றால் இரண்டு தாள் ஒட்டிப் போயிருக்கிறது. அப்படியே கோத்தால் ஏதோ ஓரிடத்திலிருந்து எல்லாமே பிசகும். ஒட்டுவதற்குக் காரணம் ஈரப்பதம், ஸ்டேப்ளர் பின்னை எடுத்த துளையின் பிசிறு, அல்லது தேய்ந்துபோன பிரிப்புப் பட்டை. விடுவதற்கு முன் அடுக்கை விசிறிபோல் விரித்து உதறினால் பெரும்பாலும் சரியாகும். கண்ணாடியில் வைத்து வருடினால் வராத நெடுக்குக் கோடு தாளூட்டி வழியாக வருடும்போது மட்டும் எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் விழுந்தால், ஓரத்திலுள்ள ஒடுங்கிய கண்ணாடிக் கீற்றில் ஒரு பசைத்துளியோ வெள்ளை மையோ ஒட்டியிருக்கிறது. மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும்.

தனித்தனிப் படங்களாகச் சேமித்துப் பிறகு கோப்பவர்கள் பெயரில் 001, 002 என்று மூன்று இலக்கம் இடுங்கள். வெறும் 1, 2 என்றால் சில மென்பொருள்கள் 1, 10, 11, 2 என்று அடுக்கிவிடும். பழைய ஏட்டெண்ணின் வேலையைத்தான் இந்த இலக்கம் செய்கிறது.

தமிழ்த் தாளை வருடுவதில் கூடுதலாக ஒரு கவனம் வேண்டும்: மெய்யெழுத்தின் புள்ளி. சிறிய அச்சில் அது அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 150 டிபிஐயில் அதற்கு இரண்டு மூன்று படப்புள்ளிதான் கிடைக்கும். கறுப்பு வெள்ளை முறையில் வருடினால் அதுவும் கரைந்து ‘க்’ வெறும் ‘க’ ஆகிவிடும். ‘தூசி நீக்கு’ வசதியைப் போட்டால் தூசியோடு புள்ளியும் போகும். மாறாக, பழுப்பேறிய செய்தித்தாளில் கறைகளே புள்ளியாக முளைக்கும். எனவே சாம்பல் நிற முறை, 300 டிபிஐ. அடிக்குறிப்பு அளவு எழுத்துக்கு 400 அல்லது 600. சாம்பல் நிறத்தில் ஒரு ஏ4 பக்கம் சுருக்காத நிலையில் சுமார் 87 லட்சம் பைட்டு, வண்ணத்தில் அதன் மும்மடங்கு. விண்ணப்பத் தளத்தின் அளவு வரம்புக்குள் அடக்க வேண்டுமென்றால் முதலில் வண்ணத்தை விடுங்கள், பிறகு டிபிஐயை 200க்குக் குறையுங்கள். மூலக் கோப்பைப் பெரிதாகவே வைத்துக்கொண்டு அனுப்பும் படியை மட்டும் சுருக்குவது நல்லது.

சுருக்குவதிலும் ஆபத்து உண்டு. ஒரே மாதிரி தெரியும் எழுத்து வடிவங்களுக்கு ஒரு வடிவத்தையே திரும்பத் திரும்பப் போட்டு இடம் மிச்சம் பிடிக்கும் முறை ஒன்று இருக்கிறது. அப்படிச் சுருக்கிய சில பொறிகள் 6ஐ 8 ஆக்கிவிட்டதை 2013இல் ஜெர்மனியின் டேவிட் கிரீசல் கண்டறிந்தார். மங்கலாக இருந்தால் சந்தேகப்படுவோம். இங்கே தவறான எண் தெளிவாக அச்சடித்ததுபோல் இருந்தது. பத்திரம், கணக்குத்தாள் போன்றவற்றில் கடுமையான சுருக்கத்தைத் தவிர்த்து, எண்களை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

கோத்து முடித்த கோப்பும் படங்களின் அடுக்குதான். அதில் சொல்லைத் தேட முடியாது. தேட வேண்டுமானால் மூன்றாவது வினை நடக்க வேண்டும்: எழுத்துணர்தல். அதைச் செய்யும் மென்பொருள் எழுத்துணரி. டெசராக்ட் போன்ற கட்டற்ற எழுத்துணரிகள் தமிழையும் படிக்கின்றன. துணைக்காலையும் ரகரத்தையும் அவை மாற்றிப் படிப்பது வழக்கம். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் உள்ள பழைய ‘ணை’, ‘லை’, ‘றா’ வடிவங்களில் இன்னும் அதிகமாகத் தடுமாறும். அத்தகைய நூலை வருடி எழுத்துணரியில் இட்டவுடன், அந்த எழுத்துகள் வரும் ஒரு சொல்லைத் தேடல் பெட்டியில் இட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கத்தை மட்டும் 400 டிபிஐயில் மறுபடி வருடி, பழைய பக்கத்தை நீக்கி அதே இடத்தில் கோத்துவிடலாம்.